ஐந்தாம் நாள் எண்ணிக்கை

ஆகஸ்ட் 11, திங்கள்

லாட் 27 இன்று சோதனைக்குப் போயிற்று. நானூறு விதை, நூறு நூறாக நான்கு ஈரத்தாள் சுருள். காலை பத்தரைக்கு முளைப்புப் பெட்டியில் வைத்தேன். ஐந்தாம் நாள் முதல் எண்ணிக்கை, பதினாலாம் நாள் கடைசி எண்ணிக்கை. நூற்றுக்கு எண்பது முளைத்தால் விதை. அதற்குக் கீழே போனால் அரைத்துச் சாப்பிட வேண்டிய நெல்.

சம்பா ரகம், பிப்ரவரி அறுவடை, முந்நூற்று நாற்பது பை. கடைமடைக்கு இன்னும் ஆற்றுத் தண்ணீர் வந்து சேரவில்லை. நாற்று விட வழியில்லாததால் எல்லோரும் புழுதியிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கப் போகிறார்கள். விதைக்கு நெருக்கடி.

மதியம் வடபாதித்திடல் பவுனம்மாள் வந்தார். மூன்று ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறவர். வருடா வருடம் ஆடி கடைசியில் எங்கள் விதைக் கம்பெனி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவார்.

“எப்ப சார் பை வெளிய வரும்?”

“ஐந்து நாள் போகட்டும். எண்ணிவிட்டுச் சொல்கிறேன்.”

“எண்ணுங்க, எண்ணுங்க. முன்னெல்லாம் நானே ஈரத்துணியில நூறு நெல்லக் கட்டித் தொங்கவிட்டு எண்ணிப் பாப்பேன். அட்டையில உங்க கையெழுத்து வர ஆரம்பிச்சப்புறம் அந்தத் துணிய அடுப்புக்கு எடுத்துட்டேன்.”

ரெஜினா சிரித்தாள். ஒன்பது வருடமாக என் உதவியாளர். “உங்க கையெழுத்து ஒரு அடுப்புத் துணிக்குச் சமம் சார்” என்றாள்.

வீட்டில் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. பின்வீட்டில் நான்கு குடம் பிடித்தோம்.

ஆகஸ்ட் 13, புதன்

மின்சாரம் இரண்டு மணி நேரம் இல்லை. ஜெனரேட்டர் ஓடியது. மோட்டார்க்காரர் வரவில்லை. மனைவி வேதவல்லிக்குக் கண் சொட்டு மருந்து மூன்று வேளையும் விட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

முதலாளி கோவிந்தராஜ் கொடியேற்றினார். ஆளுக்கொரு லட்டு, ஒரு காராபூந்திப் பொட்டலம். அவர் அப்பா பெரியவர் காலத்திலும் இதேதான்.

ஐந்து நாள் முடியாமல் சுருளைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. ஓரத்தை மட்டும் விலக்கிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஐந்தாம் நாள். நானும் ரெஜினாவும் நான்கு சுருளையும் பிரித்து எண்ணினோம். இயல்பான நாற்று: 56, 53, 51, 56. சராசரி 54.

முளைக்காதவற்றில் இரண்டு வகை உண்டு. உறங்கும் விதைக்கு உயிர் உண்டு, பிறகு முளைக்கும்; நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். செத்த விதை பிதுங்கும், உள்ளே பால் போல வரும், வாடை அடிக்கும். ரெஜினா ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத் தட்டில் ஒதுக்கினாள். கெட்டியானவை என்று அவள் ஒதுக்கிய பக்கம் கிட்டத்தட்டக் காலி.

பதினொன்றரைக்கு முதலாளி உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காத முகம்.

“எவ்வளவுண்ணே?”

சொன்னேன்.

“மீதி தூங்குதா?”

ரெஜினாதான் பதில் சொன்னாள். “பிப்ரவரியில அறுத்த நெல்லு சார். ஆவணி பொறக்கப் போகுது. இவ்ளோ நாளாவா தூங்கும்?”

“உன்னக் கேக்கலம்மா. அண்ணனக் கேக்குறேன்.” என் பக்கம் திரும்பினார். “ஜூன்ல எம்பத்தெட்டுன்னு எழுதிக் குடுத்தீங்க. அத நம்பித்தான் கடைக்காரங்களுக்கெல்லாம் வாக்குக் குடுத்திருக்கேன். ரெண்டே மாசத்துல முப்பத்தி நாலு எங்க போச்சு? சொல்லுங்க, நான் கேட்டுக்குறேன்.”

நான் பிரித்த சுருளைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தேன்.

“அடுத்த வாரம் மழைங்குறான். இன்னிக்கி விடலைன்னா இந்தப் போகம் விதையில்லாத கம்பெனின்னு பேராயிடும். பதினாலாம் நாள் வரைக்கும் எழுந்திரிக்க டயம் இருக்குல்ல? உறக்கம்னு எழுதுங்கண்ணே. எழுதக் கூடாத வார்த்தை ஒண்ணும் இல்லையே.”

எழுதக் கூடாத வார்த்தை இல்லைதான். அந்தப் பத்தி படிவத்திலேயே இருக்கிறது.

ரெஜினா மதியம் தலைவலி என்று வீட்டுக்குப் போனாள்.

ஆறு மணி வரை வேலை இருந்தது. வலது மணிக்கட்டில் நல்ல வலி. தைலம் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. மோட்டார்க்காரர் வந்து கழற்றிக்கொண்டு போனார். புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

விதை உறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் குறித்து வைக்கிறேன். சில நீண்டகால ரகங்களில் அறுவடைக்குப் பிறகு இரண்டு மாதம், அபூர்வமாக மூன்று மாதம் வரை உறக்கம் நீடிக்கும். கிடங்கின் வெப்பத்தைப் பொறுத்து இது மாறலாம். ஆறு மாதம் நீடித்ததாக எங்கேயோ படித்த நினைவு. எந்தப் புத்தகம் என்று தேடிப் பார்க்க வேண்டும். பொதுவாக ஐந்தாம் நாள் எண்ணிக்கை முடிவானது அல்ல. பதினாலாம் நாள்தான் முடிவு.

புத்தகங்களை இறக்கித் தேடினேன். கிடைக்கவில்லை.

“ஞாயித்துக்கெழமையும் என்னங்க தேடுறீங்க?” என்றாள் வேதவல்லி.

“ஒரு பக்கம்.”

“கை ஏன் வீங்கியிருக்கு?”

முத்திரை குத்தினேன் என்றேன். விதைப்பை அட்டையில் என் கையெழுத்து ரப்பர் முத்திரையாகத்தான் விழும். வழக்கமாக அது ரெஜினாவின் வேலை.

“அவளுக்கு என்னாச்சு?”

தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

லாட் 27 இரண்டு லாரியில் போயிற்று. பன்னிரண்டு மணிக்குள் கிடங்கு காலி.

ரெஜினா இன்று என்னோடு அதிகம் பேசவில்லை. பதினோரு மணிக்குக் காப்பு மாதிரியின் டப்பாவைத் திறந்து நூறு விதை எண்ணி எடுத்தாள். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பிடி எடுத்து முத்திரையிட்டு வைப்பது வழக்கம். அதைத் திறக்க என் அனுமதி வேண்டும். விதையைப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் ஊறப் போட்டாள். உறங்கும் விதையாக இருந்தால் அந்தக் கரைசல் எழுப்பிவிடும். செத்ததை எதுவும் எழுப்பாது. சுருளில் தேதி போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அனுமதி கேட்கவில்லையே என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாலை நான்கு மணிக்குப் பவுனம்மாள் போன் செய்தார்.

“மூணு பை எடுத்தேன் சார். காலையில வெதச்சு உழவும் ஓட்டியாச்சு. இனி மேல இருக்கிறவன் பாடு. எங்க ஊர்லயே அறுவது எழுவது பை எறங்கியிருக்கு, தெரியுமா? பாதிப் பேரு அடுத்த வாரம்தான் வெதைக்கிறாங்க.”

“துணியில் கட்டிப் பார்த்தீர்களா?”

“எதுக்கு?” என்று சிரித்தார். “நீங்க எண்ணினத நான் திரும்ப எண்ணுனா உங்களுக்கு மரியாதையா சார்?”

ஆகஸ்ட் 20, புதன்

சாயங்காலம் ஐந்து மணிக்கு மழை. ஒரு மணி நேரம், நல்ல மழை. மோட்டார் வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும். பதிவேட்டில் எழுத முடியாது.

மே மாதக் கோடை மழையில் கிடங்கின் வடக்குக் கூரையில் ஒரு தகடு விட்டுப்போயிற்று. லாட் 27 அங்கேதான் அடுக்கியிருந்தது. எத்தனை பை நனைந்தது என்று யாரும் கணக்காகப் பார்க்கவில்லை. சுமை ஆட்கள் களத்தில் கொட்டி இரண்டு நாள் காயவைத்து, கலந்து, மறுபடி கட்டி அடுக்கினார்கள். எனக்குத் தெரியும். நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12 மறுசோதனை நாள். அந்த வாரம் வேதவல்லிக்குக் கண் அறுவை. விடுப்பில் போனேன். 23ஆம் தேதி திரும்பி வந்தபோது லாட் 27க்கு நேரே பதிவேடு காலியாக இருந்தது. சோதனையை வைத்திருந்தால் ஜூலை முதல் வாரத்தில் உண்மை தெரிந்திருக்கும். முதலாளி வேறு லாட் வாங்கியிருப்பார். அதற்கு நாள் இருந்தது.

வைக்கவில்லை. மார்ச்சில் 89 வந்த லாட். அதை விளைவித்த விவசாயியின் விதை எந்த வருடமும் மோசம் போனதில்லை. 88 என்று எழுதினேன்.

ஏன் 89 இல்லை என்றால், இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். அதனால் ஒன்று குறைத்தேன்.

முதலாளி என்னைக் கட்டாயப்படுத்தினார் என்று சனிக்கிழமையிலிருந்து எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். முப்பத்து நான்கு எங்கே போயிற்று என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வேலை ஒன்றும் ஓடவில்லை. பழைய அட்டைகளை அடுக்கினேன்.

ஆகஸ்ட் 23, சனி

ரெஜினாவின் சுருளுக்கு ஐந்தாம் நாள். நான் உள்ளே போனபோது எண்ணி முடித்திருந்தாள். என் மேஜையில் ஒரு சீட்டு இருந்தது: லாட் 27, காப்பு மாதிரி, நைட்ரேட்டில் ஊறியது, இயல்பான நாற்று 55, உறங்கும் விதை இல்லை. கீழே முழுப் பெயரும் தேதியும் போட்டிருந்தாள்.

“இதப் பதிவேட்டுல ஒட்டட்டா சார்?”

“திங்கட்கிழமை பதினாலாம் நாள். அதையும் பார்த்துவிடலாம்.”

“திங்கக்கெழம ஒண்ணு கூடும். இல்ல ரெண்டு.” கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “மழை பேஞ்சு வயல் ஈரமாக் கெடக்கறதால நெறையப் பேரு இன்னும் வெதைக்கல. எங்க மாமனார் ஊர்ல பை பைய்யா வீட்டுக்குள்ளதான் இருக்கு. காஞ்சதும் போட்டுடுவாங்க.”

“திங்கட்கிழமை” என்றேன்.

“அன்னிக்கி அந்த முத்திரைய நான் குத்தலைன்னு உங்களுக்குக் கோவமா சார்?”

இல்லை என்றேன். அது உண்மை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில். நல்ல வெயில். வயல் காய்ந்துகொண்டிருக்கும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பதினாலாம் நாள். சராசரி 55. ஒன்று கூடியிருந்தது. மீதியை அழுத்திப் பார்க்கத் தேவையே இல்லை, தாளோடு ஒட்டிக் கரைந்திருந்தது. பதிவேட்டில் எழுதி, ரெஜினாவின் சீட்டையும் ஒட்டினேன். முதலாளி வெளியூர் போயிருந்தார். போன் செய்யலாமா என்று யோசித்தேன். செய்தால் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று தெரியும். செய்யவில்லை.

பத்து மணி பஸ்ஸில் வடபாதித்திடல்.

பவுனம்மாள் வயலில்தான் இருந்தார். முளை தெரிந்தது. ஓரிடத்தில் கொத்தாக, அடுத்த நான்கு அடிக்கு ஒன்றுமில்லை. அவர் குந்தி உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். பாருங்க இந்தக் கூத்த. உழவு ஆழமாப் போயிடுச்சு போல. டிராக்டர்காரங்கிட்ட அப்பவே சொன்னேன், மெதுவா ஓட்டுடான்னு. இல்லன்னா மழை பத்தல. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்.”

“உழவு இல்லைம்மா. விதை.”

நிமிர்ந்து பார்த்தார்.

“நூற்றுக்கு ஐம்பத்தைந்துதான் உயிர். மீதி செத்த விதை. இன்றைக்குக் கடைசி எண்ணிக்கை எடுத்தோம்.”

எண்ணிக்கை எடுத்தது இன்றைக்குத்தான். அதில் பொய் இல்லை.

கையிலிருந்த மண்ணை உதற வெகுநேரம் எடுத்துக்கொண்டார். “மூணு ஏக்கர் சார்” என்றார். பிறகு, “வெதைக்காதவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?”

“உங்களிடம்தான் முதலில் வந்தேன்.”

“எங்கிட்ட என்ன இருக்கு, நான்தான் போட்டுட்டேனே. வாங்க.” எழுந்து முன்னால் நடந்தார். கோயிலில் மைக் செட் இருந்தது. பூட்டைத் திறக்கச் சொல்லி, ஒயரை அவரே சொருகி, என் கையில் கொடுத்தார்.

லாட் எண்ணைச் சொன்னேன். அட்டையில் எந்த மூலையில் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். இந்த விதையை விதைக்காதீர்கள், பையைப் பிரிக்காதீர்கள், கையெழுத்துப் போட்டவன் நான்தான் பேசுகிறேன் என்றேன். இரண்டு முறை. ஜூன் மாதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஐந்தாம் நாளைப் பற்றியும் சொல்லவில்லை.

கூட்டம் கூடியது. ஒருவர் சட்டையைப் பிடிக்க வந்தார். “எங்க உசுரு ஒனக்கு வெளையாட்டாய்யா?” பவுனம்மாள் குறுக்கே நின்றார். “கைய எடு. எந்தக் கம்பெனிக்காரன் தானா வந்து சொல்லியிருக்கான்? தெரிஞ்ச அன்னிக்கே பஸ் ஏறி ஓடி வந்திருக்காரு மனுஷன்.”

பிடிக்க வந்தவர் கையை எடுத்துவிட்டார். எனக்கு டீ வந்தது. குடித்தேன்.

மற்ற ஊர்களுக்குக் கடைக்காரர்கள் மூலமாகப் போனில் சொன்னேன். மாலை வரை அதுதான் வேலை. ரெஜினா அவள் மாமனார் ஊருக்கு நேரில் போய்வந்தாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முதலாளி காலையிலேயே வந்திருந்தார். அறையில் நான் மட்டும். கத்தவில்லை.

“நூத்தி அறுவத்தெட்டு பை திரும்பி வருது. லாரி அனுப்பிட்டேன். விதை ஆய்வாளர் ரெண்டு மணிக்கு வர்றாரு.”

“சரி முதலாளி.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம். மைக்க நானே புடிச்சிருப்பேனோ என்னமோ. தெரியாது. அந்த வாய்ப்பையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஊரெல்லாம் உங்களத் தூக்கி வெச்சுப் பேசுதாம். தெரிஞ்ச அன்னிக்கே ஓடி வந்த மகராசனாம். நான் திருடனாம். பரவால்ல, உறக்கம்னு எழுதச் சொன்னது நாந்தான், அதுக்கு நான் வாங்கிக்கிறேன். ஆனா அஞ்சாம் நாளே தெரியும்ங்கறத அந்த அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களாண்ணே?”

கூரைத் தகடு விட்டுப்போனது அவருக்கும் தெரியும். அதை அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

“ஜூனில் நான் சோதனை வைக்கவே இல்லை” என்றேன். “அந்த எண்பத்தெட்டு நான் இட்டுக்கட்டி எழுதியது.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “அது எனக்கு சனிக்கெழமையே புரிஞ்சு போச்சு” என்றார்.

முத்திரையை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு ஆய்வாளரிடமும் ஜூனையும் ஐந்தாம் நாளையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். அவரிடம் சொல்வது கடினமாக இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. வேதவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஜூன்லன்னா, என் கண்ணு அறுத்தப்பவா?” என்று கேட்டாள். சாயங்காலம், “என் கண்ண ஒரு சாக்கா யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்றாள்.

மோட்டார் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பவுனம்மாள் போன். வேறு கடையில் விதை எடுத்திருக்கிறாராம். குறுகிய கால ரகம்தான் கிடைத்ததாம். முளைத்ததை உழுது அழித்தாயிற்று. “நாளைக்கி ஒரு எட்டு வந்து கையில அள்ளிப் பாத்துட்டுச் சொல்லுங்க சார். நீங்க சரின்னா வெதைச்சுடறேன்.”

வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

போனேன். வீட்டு வாசலில் பையைப் பிரித்து முறத்தில் கொட்டி வைத்திருந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

“பாருங்க.”

நான் அள்ளவில்லை. “ஒன்று சொல்ல வேண்டும்” என்றேன். “அந்த விதை செத்தது என்று எனக்குப் பதினாறாம் தேதியே தெரியும். நீங்கள் விதைப்பதற்கு மூன்று நாள் முன்னால். பத்தொன்பதாம் தேதி போனில் பேசினீர்களே, அப்போதும் தெரியும். ஜூன் மாதம் எண்ணாமலே எண்ணியதாக எழுதியிருந்தேன். அது வெளியே வந்துவிடும் என்றுதான் பேசாமல் இருந்தேன்.”

அவர் முறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன்ல, துணியில கட்டினியான்னு கேட்டீங்க.”

“ஆமாம்.”

“அதுக்குத்தான் கேட்டீங்களா?”

“ஆமாம்.”

“நான் சிரிச்சேன்” என்றார்.

திட்டினால் கேட்டுக்கொண்டு போயிருப்பேன். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பழைய வேட்டித் துண்டைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தார். தரையில் விரித்தார். முறத்திலிருந்து நெல்லை ஒவ்வொன்றாக எடுத்து, வாய்விட்டு எண்ணித் துணியில் வைக்க ஆரம்பித்தார். பத்துக்கு ஒரு வரிசை.

நான் கிளம்பியிருக்கலாம். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

நடுவில் ஒரு கோழி முறத்தில் வாய் வைத்தது. “சூ” என்று விரட்டிவிட்டுத் திரும்பியவருக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. துணியைப் பார்த்தார். கோழி ஓடியதில் வரிசைகள் கலைந்திருந்தன. ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

அறுபத்து மூன்று. எனக்குத் தெரியும். நானும் கூடவே எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் கேட்கவில்லை. துணியிலிருந்த நெல் முழுவதையும் முறத்திலேயே தட்டிவிட்டு, ஒன்று என்று மறுபடி ஆரம்பித்தார்.